பத்தாவது மணி

சென்னியப்பனுக்கு அறுபத்தாறு வயது. அவருடைய குரு தவமணிக்கு நாற்பத்தொன்றுதான். ஆனாலும் சென்னியப்பன் அவரை வாய் நிறைய ‘அம்மா’ என்பார். கோயமுத்தூரில் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

தவமணியிடம் தியானம் பழகுகிறவர்கள் சேர்ந்து நோர்வேக்குக் கப்பலில் வந்திருந்தார்கள். அங்கே மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து கிடந்தது. ஃபியோர்டு என்றார்கள். தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது.

பயணத்துக்குப் பெயர் கொடுத்தபோது சென்னியப்பனின் மனைவி லோகாம்பாள் உயிரோடு இருந்தாள். இப்போது இல்லை. பட்டியலில் இருந்து அவள் பெயரை அடிக்க மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

கப்பல் கரை சேர்ந்த காலையில் தவமணியிடம் கேட்டார்.

“அம்மா, அவ என்கூடத்தான் இருக்காளுங்களா?”

“சைக்கிள் ஓட்டப் போலாம், வாங்கய்யா.”

பஸ் அவர்களை மலை உச்சியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து கடல் வரைக்கும் சைக்கிளில் இறங்க வேண்டும். பக்கத்து ஆள் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். வழிகாட்டி ஸீவர்ட் பத்துப் பெயர்களை வாசித்தான். லோகாம்பாள் என்ற பெயரை அவன் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

பெண்டாட்டிக்கும் சேர்த்துப் பதில் சொல்லியே பழகிய வாய். “வருகிறாள்” என்றார் சென்னியப்பன்.

மீந்து நின்ற ஒரு சைக்கிளை யாரும் கவனிக்கவில்லை. தவமணி கவனித்தார். தன் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

பனி நாளில் ஸீவர்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எல்லோரும் நின்று ஆளுக்கொரு முறை மணி அடிக்க வேண்டும். கணக்கு சரியாக இருந்தால்தான் அங்கிருந்து நகர்வான்.

முதல் வளைவில் எண்ணினான். பத்து. “சரி, போகலாம்!”

சென்னியப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. வந்திருப்பது ஒன்பது பேர்.

இரண்டாவது வளைவிலும் பத்து.

மூன்றாவது வளைவில் ஒன்பது மணிகள் அடித்து ஓய்ந்தன. பத்தாவது சற்றுப் பொறுத்து, மெதுவாக, இடப்பக்கமிருந்து வந்தது. இடப்பக்கம் சாலையே கிடையாது.

“லோகு?”

அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. மற்றவர்கள் கிளம்பிப் போய்விட்டது அவருக்குத் தெரியவில்லை. சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினார். முன் சக்கரம் பட்டு ஒரு கல் உருண்டது. அது விழுந்த சத்தம் கேட்கவே இல்லை. மணி மறுபடியும் அடித்தது, இன்னும் கிட்டத்தில்.

பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. குரு சீடனைக் காலரைப் பிடித்து இழுக்கலாமா என்று சாஸ்திரத்தைக் கேட்க நேரமில்லை. தவமணி இழுத்துவிட்டார்.

அடிவாரத்தில் பனி இல்லை. ஸீவர்ட் சைக்கிள்களை எண்ணினான். ஒன்பது. இன்னொரு தடவை எண்ணினான்.

“கடைசி வளைவிலும் பத்து மணி கேட்டதே! லோகாம்பாள் மேலே தனியாக இருக்கிறார்.”

கயிற்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான்.

சென்னியப்பன் தவமணியைப் பார்த்தார். அவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“நில்லுப்பா!” என்று தமிழிலேயே கத்தினார் சென்னியப்பன். பிறகு தெரிந்த இங்கிலீஷில் சொன்னார்: “அவள் வரவில்லை. அவள் இறந்து பதினோரு மாதம் ஆகிறது.”

அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஸீவர்ட் பட்டியலில் பெயரை அடித்தான். மேலே பனிக்குள் மணி ஒருமுறை அடித்தது.

“அம்மா, அது லோகு இல்லீங்களா?”

“ரோட்டுல நடக்கும்போது அவங்க உங்களை எந்தப் பக்கம் விடுவாங்க?”

“உள்பக்கந்தானுங்க. லாரி வர்ற பக்கம் அவதான் நடப்பா. நாப்பது வருசமா அப்படித்தான்.”

“அப்படிப்பட்டவங்க உங்களைப் பள்ளத்துப் பக்கம் நின்னு கூப்பிடுவாங்களா?”