செவந்தி கழுத்து மணி

மூங்கக் காட்டுல ஒரு சிறுத்தை இருந்துச்சு. அங்க இருந்த வாழைத்தோப்பு பூராவும் தன்னுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியும். பழத்தச் சுமந்து, மலையிறங்கி, ஆத்துக்கு அக்கரையில இருக்குற காட்டுக்கு விக்கக் கொண்டு போறது கழுதைங்க வேல. வரிசையாத்தான் போகும். முன்னால போற கழுதை கழுத்துல மணி. அந்தச் சத்தத்தப் புடிச்சுத்தான் மத்ததெல்லாம் நடக்கும்.

அந்த மணிக் கழுதை பேரு செவந்தி. அவ ஆத்தா இருக்காளே, ஒரு கல்யாண வீட்டுல பந்தல்ல கட்டுன வாழமரத்தையே தின்னுபுட்டா! மாப்பிள்ள வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுத் தொரத்த... அது கெடக்கட்டும், செவந்திக்கு வருவோம்.

செவந்தி சிறுத்தைகிட்டப் போனா. "ஐயா, குளம்பு வெடிச்ச கழுதைக்கு, புண்ணு ஆறுற வரைக்கும் சொம ஏத்தாதீங்க. நான் மட்டும் கேக்கல, நாங்க எல்லாருஞ் சேந்து கேக்குறோம்!"

"ஓ, எல்லாருஞ் சேந்துட்டீங்களா? பாத்துக்கறேன்!"

மறுநா செவந்தி பள்ளத்துல செத்துக் கெடந்தா. கழுத்துல நரிப்பல்லு பதிஞ்சிருந்துச்சு. எல்லாம் சிறுத்தை வளக்குற நரிங்க வேல.

"வழுக்கி விழுந்துட்டா, பாவம்!"ன்னுச்சு சிறுத்தை. மணியக் கழட்டிப் பொன்னிங்கிற கழுதைக்கு மாட்டுச்சு. "நீயும் வாயத் தொறந்தே, அதே பள்ளந்தான்!"

இதையெல்லாம் ஒரு காக்கா பாத்துச்சு. ஒரு காக்கா செத்தா ஊருக் காக்கா பூராவுங் கூடிக் கத்துமில்ல? அந்தப் பழக்கத்துல அக்கரைக்குப் பறந்து யானைகிட்டக் கத்துச்சு. "பெரியண்ணே! செவந்தியக் கொன்னுட்டாங்க! அடுத்து பொன்னிதான்! ஒரு வார்த்த கேளுங்க!"

யானை வாய் நெறையப் பழம். "அது அடுத்த காட்டு வெவகாரம்மா. மணிச்சத்தம் தெனமும் வருதில்ல? எல்லாம் நல்லாத்தான் நடக்குது!"

"நாம கேக்கப்போயி, பழம் வரது நின்னுபோச்சுன்னா?"ன்னுச்சு பக்கத்துல இருந்த மயிலு. இந்த மயிலு ஒருக்கா வெயிலுல ஆடப்போயி மயங்கி விழுந்த கத இருக்கு... சரி, விடுங்க.

யானை சொன்னதக் காக்கா வந்து சொன்னதும் பொன்னி தன் கழுத்து மணியக் குனிஞ்சு பாத்தா. "மணி கேட்டா நாங்க நல்லா இருக்கோம்னு அர்த்தமா? அப்ப இன்னிக்குக் கேக்காது! காக்கா, இந்த மணிக்குள்ள புல்லத் திணி!"

"சத்தமில்லாம எப்புடிடி நடக்குறது?"ன்னுச்சுங்க மத்த கழுதைங்க.

"முன்னால போறவ வால மோந்துக்கிட்டு வாங்க!"

சொம ஏத்தாமயே அக்கரைக்குக் கெளம்புனாங்க. பொன்னி முதுகுல செவந்தியோட வெறுங்கூடை மட்டும். மணி கேக்காததால நரிங்களுக்குத் தெரியவே இல்ல. தெரிஞ்சப்பறம் பல்லக் காட்டிக்கிட்டுத் தொரத்துச்சுங்க.

அக்கரையில யானை கத்துச்சு. "மணி எங்க? பழம் எங்க?"

பொன்னி தண்ணிக்குள்ள நின்னா. பின்னால நரிங்க. "மணியக் கேக்குறீங்க, பழத்தக் கேக்குறீங்க. செவந்தி எங்கன்னு ஒருத்தருங் கேக்கலியே, அண்ணே!"

யானை அந்த வெறுங்கூடையப் பாத்துச்சு. தலையக் குனிஞ்சுச்சு. அப்பறம் தடதடன்னு ஆத்துல எறங்கி, கழுதைங்களுக்கும் நரிங்களுக்கும் நடுவுல வந்து நின்னு ஒரு பிளிறு பிளிறுச்சு! நரிங்க வாலச் சுருட்டிக்கிட்டு ஓடுச்சுங்க.

"இனி ஒரு கழுதை மேல பல்லு பட்டாலும், ஓந்தோப்புப் பழம் எங்க காட்டுக்கு வேண்டாம்!"னு சிறுத்தைக்குச் சொல்லி அனுப்புச்சு யானை. பழம் விக்காமப் போயிடுமேன்னு சிறுத்தை அடங்குச்சு. குளம்பு வெடிச்ச கழுதைங்க நெழல்ல படுத்துச்சுங்க. அத முதல்ல கேட்ட செவந்திதான் பாக்க இல்ல.

எல்லாருக்காகவும் வாயத் தொறந்தவள அடிக்கிறப்ப, தெரிஞ்சும் சும்மா இருக்குறவங்க அடிச்சவனுக்குக் கூட்டாளிங்கதான்.