பொன்னலகியும் கோதுமை நாட்டு விருந்தும்

தென்னாட்டில் ஒரு பெரிய ஏரி. குளிர்காலம் முழுவதும் அங்கே வரித்தலை வாத்துகள் கூட்டமாகத் தங்கியிருந்தன. வெயில் ஏறத் தொடங்கியதும் வடக்கே கிளம்பின. பல நாடுகளைத் தாண்டி, வானத்தை முட்டும் பனிமலையைக் கடந்து, அதற்கப்பால் இருக்கும் நீல ஏரிக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கேதான் அவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்.

அந்தக் கூட்டத்தில் பொன்னலகி என்றொரு வாத்து இருந்தது. புல் தின்னும், கிழங்கு தின்னும், நெல்லை அள்ளி அள்ளித் தின்னும். கோதுமை மட்டும் அதற்கு ஆகாது. ஒரு மணி உள்ளே போனாலும் வயிறு உப்பிவிடும். சிறகில் வலுவே இருக்காது. போன பயணத்தில் யாரோ கொடுத்ததை மரியாதைக்காகத் தின்றுவிட்டு, பனிமலையின் பாதி உயரத்தில் பொத்தென்று விழுந்தது. பாறை இடுக்கில் கிடந்து உயிர் பிழைத்ததே பெரிய காரியம்!

"இந்த முறை எந்த வம்பும் வேண்டாம். வாயை அடக்கிக்கொண்டு வா!" என்றது தலைவன் நெடுங்கழுத்தன்.

"அடக்கத்தான் போகிறேன், அண்ணே! கோதுமை இந்த வாய்க்குள் போகவே போகாது!" என்றது பொன்னலகி.

ஆறுகள் வந்தன, போயின. நெல்வயல்கள் குறைந்து கோதுமை வயல்கள் தொடங்கின. கடைசியில் மலையடிவார நாடு ஒன்றில் கூட்டம் இறங்கியது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை பொன்னிறக் கதிர்கள்! அவற்றுக்கு மேலே மேகம் என்று பொன்னலகி நினைத்தது மேகமே இல்லை. பனிமலை! கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தது. உச்சி தெரியவில்லை. 'போன முறை விழுந்த இதையா நாளைக்கு மறுபடியும் தாண்டப் போகிறேன்?' அதன் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அந்த நாட்டில் கௌதாரிகள் வாழ்ந்தன. விருந்தாளிகள் என்றால் அவற்றுக்கு உயிர். அவற்றின் தலைவி புள்ளிச்சி, ஓடி வந்து படபடவென்று பேசியது. வேற்று மொழி! அது சொன்னதில் பொன்னலகிக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல்தான்: சாப்பிடு!

முன்னால் வந்து விழுந்ததோ ஒரு குவியல் கோதுமை.

வாத்துகள் பாய்ந்து தின்றன. பொன்னலகி மட்டும் ஒதுங்கி நின்றது.

"மலையேறுவது நாளைக்குத்தானே! இன்று ஒரு மணி தின்றால் செத்தா போய்விடுவாய்? அவர்கள் மனம் நோகுமே!" என்று சீறியது நெடுங்கழுத்தன்.

"அண்ணே, அவர்கள் மனத்தை நான் எப்படியாவது ஆற்றிவிடுவேன். மலைமேல் வயிறு உப்பினால் யார் ஆற்றுவது?"

பொன்னலகி ஒரு கோதுமைக் கதிரைக் கொத்தி எடுத்துப் புள்ளிச்சியிடம் காட்டி, வேண்டாம் என்று தலையை ஆட்டியது. புள்ளிச்சியின் முகம் மலர்ந்தது. ஓடிப்போய் இன்னும் பெரிய குவியலாகக் கொண்டு வந்தது!

வாத்துகள் சிரித்தன. பொன்னலகிக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் விடவில்லை. கதிரைக் கொத்துவதுபோல் பாவனை செய்தது. பிறகு வயிற்றை உப்பிக் காட்டியது. சிறகைத் தொங்கவிட்டது. கால்களை மேலே தூக்கிக்கொண்டு மல்லாக்க விழுந்தது!

"ஐயோ!" என்று கத்தியது புள்ளிச்சி. அந்தச் சொல் எல்லா ஊரிலும் புரியும்.

கோதுமைக் குவியல் விலகியது. கொண்டைக்கடலை வந்தது. பொன்னலகிக்கு வாயில் நீர் ஊறியது. குனிந்தது. சட்டென்று நின்றது. கடலைமேல் மாவுபோல் ஏதோ படிந்திருந்ததே! கோதுமை அடித்த அதே களத்தில் கௌதாரிகள் கடலையையும் உலர்த்தியிருந்தன. அது கோதுமைத் தூசி.

"இதற்கும் குறை சொல்ல வாயைத் திறந்தாயோ, இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவேன்!" என்றது நெடுங்கழுத்தன்.

பொன்னலகியின் கண்கள் கலங்கின. எவ்வளவு ஆசையாகக் கொண்டு வந்திருக்கிறார்கள்! எப்படி மறுப்பது? ஆனாலும் புள்ளிச்சியின் முன் தலை தாழ்த்தி வணங்கியது. அலகு நுனியால் தூசியைத் தொட்டுக் காட்டியது. மறுபடியும் மல்லாக்க விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. புள்ளிச்சி நெடுநேரம் அந்தத் தூசியையே பார்த்தது. 'கோபித்துக்கொண்டது!' என்று பொன்னலகி பயந்தது.

புள்ளிச்சி ஒரு குரல் கொடுத்தது. வயலெங்கும் இருந்து கௌதாரிகள் புறப்பட்டு வந்தன. எல்லாம் ஆற்றுக்கு ஓடின. தண்ணீரில் அலகை முக்கி முக்கிக் கழுவின. கரையில் இருந்த பாறை ஒன்றைச் சிறகால் நீரடித்துத் துலக்கின. வயல் பக்கமே போகாமல், ஆற்றோரத்தில் இளம்புல்லைக் கொய்தன, கோரைக்கிழங்கு கிண்டின, ஒவ்வொன்றையும் ஓடும் நீரில் அலசிப் பாறைமேல் வைத்தன.

பொன்னலகி அந்தப் பாறையருகே போனது. முன்பின் தெரியாத ஒருத்திக்காக ஒரு நாடே அலகு கழுவிக்கொண்டு நிற்கிறதே! பனிமலையைப் பார்த்தபோதுகூட அதற்கு இப்படிச் சிலிர்க்கவில்லை.

"சாப்பிடு!" என்றது புள்ளிச்சி.

பொன்னலகி வயிறாரச் சாப்பிட்டது.

விடிந்ததும் கூட்டம் மலையேறியது. வயல்கள் சுருங்கி மறைந்தன. காற்று மெலிந்தது, மூச்சு இழுக்க இழுக்கப் போதவில்லை. பாதி உயரத்தில் எதிர்காற்று அறைந்தது. முன்னால் பறந்த நெடுங்கழுத்தன் திணறித் தாழ்ந்தது. அதன் பின்னால் எல்லா வாத்துகளும் தடுமாறின.

"அண்ணே, பின்னால் வாருங்கள்! நான் முன்னே போகிறேன்!" என்று கத்தியது பொன்னலகி.

காற்றைக் கிழித்துக்கொண்டு ஏறியது. அதன் சிறகின் மறைவில் மற்றவை ஏறின. ஒரு கட்டத்தில் காற்று ஓய்ந்தது. கீழே பார்த்தால், உச்சிகள்! நேற்று அண்ணாந்து பார்த்தும் தெரியாத உச்சிகள் இப்போது மாலை வெயிலில் காலுக்கடியில் தீப்பிழம்பாய்ச் சிவந்து நின்றன. இந்த உலகம் இவ்வளவு பெரியதா!

நெடுங்கழுத்தன் மெல்லப் பக்கத்தில் வந்தது. "என் பேச்சைக் கேட்டு நேற்று நீ ஒரு மணி தின்றிருந்தால்..." என்று தலையைத் தாழ்த்திக்கொண்டது.

"அதை விடுங்கள், அண்ணே! அதோ பாருங்கள், நீல ஏரி!"

தன் உடம்புக்கு ஆகாததைக் கூச்சப்படாமல் எடுத்துச் சொல்பவருக்கே அயலூரும் பத்திரமாகப் பசியாற்றி வழியனுப்பும்.