பல்லி கொண்டுவந்த பதில்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது ஆவுடையம்மக்கா. எண்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசி மாதம், மூன்றாவது பிரசவத்தில் பிள்ளை தங்காமல் போய் நான் பெரியாஸ்பத்திரியில் கிடந்தேன். அடுத்த கட்டில் அவர்களுக்கு. "எனக்கு மட்டும் ஏன் இப்படி, ஏன் இப்படி" என்று நான் கேட்டுக்கொண்டே கிடந்ததைப் பொறுக்க மாட்டாமல் ஒரு மத்தியானம் சொன்னார்கள். எட்டாவது படித்தவள் நான். அவர்கள் சொன்ன மாதிரியே எழுதப் பார்க்கிறேன்.

வாயுள்ளதெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. காக்கை பேசும், கழுதை பேசும், அம்மிக்கு அடியில் கிடக்கும் தேள்கூட "கொஞ்சம் காலை எடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போகும். எல்லாவற்றிலும் பெரிய வாயாடி பல்லிதான். மோட்டு வளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு எல்லார் வீட்டுப் பானைக்குள்ளும் எட்டிப் பார்க்குமல்லவா, அதற்குத் தெரியாத சங்கதியே கிடையாது. "உன் மாமியா கருப்பட்டியை மூணாவது பானையில ஒளிச்சு வச்சிருக்கா" என்று மருமகளிடம் சொல்லும். "அதுல பாதியை உன் மருமக தின்னுட்டா" என்று மாமியாரிடம் சொல்லும். மாடு தொலைந்தாலும், மழை தள்ளிப் போனாலும் ஜனங்கள் சுவரை அண்ணாந்து பார்த்துத்தான் கேட்பார்கள். பல்லியும் தெரிந்ததைச் சொல்லும்.

அந்த ஊரில் குருவம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே புருஷனைப் பறிகொடுத்தவள். முதல் இரண்டு பிள்ளைகளும் தவழ்கிற வயசுக்குள் போய்விட்டன. மூன்றாவதாக ஒரு பெண் பிறந்ததும், ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் செய்தாள். பிள்ளையைக் குப்பைமேட்டில் போட்டு உருட்டினாள். பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாய் அதைத் தூக்கிக்கொள்ள, ஒரு முறம் தவிடு கொடுத்துத் திருப்பி வாங்கினாள். இது என் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கியது, யாரும் ஆசைப்பட வேண்டாத பண்டம் என்று எமனுக்குக் காட்டத்தான். தவிட்டம்மாள் என்றே பேர் வைத்தாள். நல்ல துணி உடுத்தவில்லை. தலையில் பூ வைக்கவில்லை. ஆசை எமன் காதில் விழுந்துவிடும் என்று ஒரு நாள்கூட "என் கண்ணே" என்று வாய்விட்டுக் கொஞ்சவில்லை. "ஏ தவிடு, இங்க வாட்டி" என்றுதான் கூப்பிடுவாள்.

பல்லிக்கு அந்தப் பிள்ளை மேல் உயிர். பிள்ளையும் விளக்கடியில் விழும் ஈசல்களைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, "வால்காரி, வந்து தின்னுட்டுப் போ" என்று கூப்பிடுமாம்.

ஏழாவது வயசில் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் இழுப்பு. கையும் காலும் வெட்டி வெட்டித் துடித்து, சோறு வடிக்கிற நேரத்தில் அடங்கிப் போனது.

தெருவே வந்து கூடியது. எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். பிறகு காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள்.

"கண்ணுபட்டுட்டு மதினி" என்றாள் ஆறுமுகத்தாய்.

"கிழிஞ்ச துணியைத்தானே உடுத்தி விட்டேன்? எதைப் பார்த்துக் கண்ணு வச்சாங்க?"

"அப்போ போன ஜென்மத்துப் பாவம்" என்றாள் இன்னொருத்தி.

"அது போன ஜென்மத்துல என்ன செஞ்சுது? ஊரையா கொளுத்துச்சு?"

"அப்படிச் சொல்லாதட்டி. சாமிக்குப் பிடிச்ச பிள்ளையைச் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிடும்" என்றாள் மூத்தவள் ஒருத்தி.

குருவம்மாள் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "உங்க நாலு பிள்ளையளையும் சாமிக்குப் பிடிக்கலையாக்கா?"



பதினாறு நாளும் கழிந்தது. குருவம்மாள் அடுப்பு மூட்டவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பல்லி, நீ மேலேருந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தே?"

"பார்த்தேன்க்கா."

"என் பிள்ளை ஏன் போச்சு?"

பல்லி சுவரில் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது. "எப்படிப் போச்சுன்னு சொல்லுவேன். எப்போன்னு சொல்லுவேன். ஏன்னு எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சவர்கிட்ட கேட்டுட்டு வா. எனக்கு ஒட்டி ஏறத் தெரிஞ்சா உன்கிட்ட வந்து கெஞ்சுவனா? நாந்தான் காரணம்னு சொன்னாலும் சரி, ஏத்துக்கிடுதேன். காரணம் தெரிஞ்சா அடுப்பு மூட்டுவேன். தெரியாம எப்படிம்மா ஒரு வாய் உள்ளே இறங்கும்?"

பல்லி புறப்பட்டது. சுவர் ஏறி, கூரை ஏறி, பனை ஏறி, மலை ஏறி, மேகத்தின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, வானத்தின் அடிப்பக்கம் முழுக்கத் தலைகீழாகவே நடந்தது. கேள்வி மறந்துவிடக் கூடாதென்று 'ஏன், ஏன்' என்றே சொல்லிக்கொண்டு போனது. எத்தனை நாள் என்று கணக்கில்லை.

மேலே சாமி கன்னத்தில் கை வைத்துக் கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாமி, தவிட்டம்மாளை ஏன் எடுத்தீங்க? அவ ஆத்தா கேட்டுட்டு வரச் சொன்னா."

சாமி பல்லியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுத்து, "ச்சு... ச்சு... ச்சு" என்று உச்சுக் கொட்டினார்.

இதற்குப் பின்னால் வார்த்தை வரும் என்று பல்லி காத்திருந்தது. வரவில்லை.

"இதைப் போய்ச் சொல்லவா சாமி?"

அவர் மறுபடியும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

நான் தினம் விளக்கேற்றிக் கும்பிடுகிறவள். இந்த இடத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் ஆவுடையம்மக்கா இப்படித்தான் சொன்னார்கள். மாற்றி எழுதினால் பொய்யாகிவிடும்.

இறங்குகிற வழியெல்லாம் பல்லி வேறு பேச்சே பேசவில்லை. ஒரு சத்தம் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமென்று அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. பல்லி வந்துவிட்டது என்றதும் தெரு ஜனம் வாசலில் கூடிவிட்டது. குருவம்மாள் எலும்பும் தோலுமாக எழுந்து சுவரைப் பிடித்து நின்றாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"சொன்னாரா?"

"சொன்னார்."

"சொல்லு."

"ச்சு... ச்சு... ச்சு."

"இது உச்சுக் கொட்டுறது. இந்தத் தெருவே எனக்குக் கொட்டிட்டுது. பதில் எங்க?"

"இதான்க்கா பதில்."

"நீ மறைக்கே. என் மேலதான் தப்புன்னு சொல்லியிருக்கார், அதான் மறைக்கே. சொல்லு!" என்று பாய்ந்து பல்லியின் வாலைப் பிடித்து இழுத்தாள்.

வால் கையோடு வந்துவிட்டது.

அது அவள் உள்ளங்கையில் கிடந்து வெட்டி வெட்டித் துடித்தது. இதற்குள்ளாவது ஏதாவது இருக்குமோ என்று அவள் விரித்த கையை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தத் துடிப்பை அவள் ஏற்கெனவே ஒரு தரம் பார்த்தவள். அதுவும் அடங்கியது.

பல்லி பதறி மோட்டுக்கு ஓடிவிட்டது. "அக்கா, நான் எதையும் மறைக்கலக்கா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தது. வந்தது "ச்சு... ச்சு... ச்சு". மறுபடி திறந்தது. மறுபடியும் அதுதான்.

வாசலில் நின்ற ஆறுமுகத்தாய் அந்த நேரம் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேன், கண்ணுபட்டுட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டதும், "பார்த்தீங்களா, பல்லியே சொல்லிட்டு!" என்றாள். பக்கத்தில் நின்றவள், "இல்லை, போன ஜென்மத்துப் பாவம்" என்றாள். "ச்சு ச்சு ச்சு." "கேட்டியாட்டி? நான் சொன்னதுதான் நெசம்!" இப்படி ஆளுக்கொரு காரணத்தைச் சொல்லி, ஆளுக்கொரு உச்சுக் கொட்டலை வாங்கிக்கொண்டு, திருப்தியாக அவரவர் வீட்டுக்குச் சோறு பொங்கப் போனார்கள்.

குருவம்மாள் மட்டும் தரையில் உட்கார்ந்து, விரலை மடக்கித் தட்டினாள். "பல்லி, இன்னொரு தரம் போய்க் கேளு." டொக், டொக், டொக். "வார்த்தையாக் கேட்டு வா." மேலே இருந்து "ச்சு... ச்சு... ச்சு". அவள் மறுபடி தட்டினாள். அந்த வீட்டில் அதன் பிறகு அடுப்புப் புகையவே இல்லை. தட்டுகிற சத்தம் கொஞ்ச நாள் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

அன்று தொட்டுத்தான் பல்லிக்கு அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. அதைக் கேட்ட மாத்திரத்தில் நாமும், பேசிக்கொண்டிருப்பது எதுவானாலும், "உண்மை, பல்லியே சொல்லிட்டு" என்கிறோம். யார் தட்டிய தட்டு என்று தெரியாமலே விரலை மடக்கித் தரையைத் தட்டுகிறோம்.

வாசிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் உங்கள் வீட்டில் பல்லி சத்தம் கொடுத்தால் அதற்குப் பலன் பார்க்காதீர்கள். அது முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பேசாமல் இருங்கள்.