சோழிக்கு ஞாபகம் ஏது?

ஏரிக்குக் கீழே ஒரு ஊர்ல, வாய்க்கால் பள்ளத்துல, ஒரு வாத்துக்காரி இருந்தா. பேரு வேம்பு. காலையில பட்டியைத் திறந்தா போதும், குவாக் குவாக்னு வாத்தெல்லாம் ஆடி ஆடி நடந்து, அறுத்த வயல்ல இறங்கி, சிந்தின நெல்லையும் நத்தையையும் பொறுக்கும். ம் சொல்லு.

"ம்."

பக்கத்துப் பட்டி அவ கொழுந்தன் சடையனோடது. அவன் வாயி இருக்கே, ரெண்டு பட்டி வாத்தும் சேர்ந்து கத்தினாலும் ஈடாகாது.

போன மழைக்கு என்ன ஆச்சுன்னா, டம் டம் டம்னு தமுக்கு அடிச்சு, "ஏரிக்கரை உடையலாம், உடையாமலும் போகலாம்"னு சொல்லிட்டுப் போனாங்க. மேட்டுக்குப் போறதா, வேண்டாமா? எல்லாரும் பேசினாங்க, பேசினாங்க, பேசிக்கிட்டே இருந்தாங்க. அப்போ தண்ணி வந்துடுச்சு. வேம்புவோட வாத்துல முக்கால்வாசி போச்சு.

"வாத்துக்கு நீந்தத் தெரியாதா?"

நல்லாக் கேட்டே. நிக்கிற தண்ணியில நீந்தும். ஓடி வர்ற வெள்ளத்துல அது என்ன பண்ணும், பாவம்?

அப்புறம் வேம்பு மிஞ்சின வாத்தோட முட்டையைக் கோழிக்கு அடை வச்சு, குஞ்சு பொரிக்க வச்சு, மறுபடியும் ஒரு கூட்டம் சேர்த்தா. இதுவும் போச்சுன்னா அவளுக்குப் பொழப்பே இல்ல. அதனால அடுத்த தடவை மேடா பள்ளமான்னு தடுமாறாம இருக்கப் பழகிக்கணும்னு, உக்காந்து யோசிச்சு ஒரு ஆட்டம் கண்டுபிடிச்சா. ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை. நடுவுல மூணு சோழி. சோழியை உருட்டுறதுக்கு முன்னாடியே 'மேடு'ன்னோ 'பள்ளம்'னோ சொல்லிடணும். மேடுன்னா ஒரு கொட்டையைக் கீழே வைக்கணும். பள்ளம்னா ஒண்ணும் வைக்க வேண்டாம். ஆனா மூணு சோழியும் வாயைத் திறந்துக்கிட்டு விழுந்தா அது வெள்ளம். பள்ளத்துல இருக்கிறவன் கை மொத்தமும் காலி!

வாத்து மேயற நேரமெல்லாம் அண்ணியும் கொழுந்தனும் இதே ஆட்டம்தான். குலுகுலு, சலக்! சடையன் பள்ளம் பள்ளம்னே சொல்லுவான். நிறைய தடவை தப்பிச்சுக்குவான். அப்புறம் ஒரு சலக்ல எல்லாம் போகும்.

அடுத்த மழை வந்துது. டம் டம் டம். வேம்பு மேடுன்னா. மூங்கில் கழியை எடுத்துக்கிட்டு, ஹோய் ஹோய்னு வாத்தைச் செங்கல் சூளை மேட்டுக்கு விரட்டினா. ஒண்ணு இப்படி ஓடும், ஒண்ணு அப்படி ஓடும், ஒண்ணு படுத்தே கெடக்கும். ஏத்தி முடிக்கறதுக்குள்ள அவளுக்கு நாக்குத் தள்ளிடுச்சு. மழை சொட்டுச் சொட்டுன்னு நின்னுடுச்சு. இடம் மாறின மிரட்சியில வாத்து முட்டை போடலை.

"என்ன அண்ணி, சூளை மேட்டுல வாத்துக்குக் கல்யாணமா?"ன்னான் சடையன்.

ரெண்டாவது தடவை டம் டம் டம். மறுபடி மேடு. மறுபடி ஏரி சும்மா இருந்துது. முட்டையும் போச்சு.

"இனிமே உங்க வாத்து முட்டை போடாது அண்ணி, செங்கல்தான் போடும்!"

ஊரே சிரிச்சுது. வேம்புவுக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. கேக்கறியா?

"ம்..."

மூணாவது தடவை, சாயங்காலம், டம் டம் டம். சடையன் என்ன பண்ணான் தெரியுமா? மடியிலேருந்து சோழியை எடுத்தான். "இதையே கேட்டுடுவோம்"னு குலுகுலு, சலக்! ரெண்டு கவுந்துது, ஒண்ணு வாயைத் திறந்துது. "பாருங்க, வெள்ளம் இல்ல!"ன்னு காலை நீட்டி உக்காந்துட்டான்.

வேம்புவுக்கும் அப்பாடான்னு இருந்துது. கழியைக் கீழே வைக்கப் போனா. வைக்கலை.

"கொழுந்தனாரே, மழை என்ன உங்க சோழியைக் கேட்டுக்கிட்டா பெய்யுது?"

"ரெண்டு தடவை வரலையே அண்ணி!"

"போன உருட்டுல வரலைங்கிறது அடுத்த உருட்டுல சோழிக்கு ஞாபகம் இருக்குமா? ஏரிக்கு மட்டும் இருக்குமா? ஒரு கொட்டை போனாப் போகட்டும்."

பட்டியைத் திறந்தா. கழியைத் தூக்கவே இல்ல கண்ணு! வாத்தெல்லாம் தானா வரிசை கட்டி, பதக் பதக்னு, சூளை மேட்டைப் பாத்து நடக்க ஆரம்பிச்சிடுச்சு. ரெண்டு தடவை போன வழிதானே.

அப்போ, தூரத்துல, ஹோ...ன்னு ஒரு சத்தம். சடையன் துள்ளி எழுந்து தன் பட்டியைத் திறந்துவிட்டான். அவன் வாத்துக்கு மேடும் தெரியாது, வழியும் தெரியாது. நின்ன இடத்துலயே சுத்துது. வேம்பு மேலேருந்து "பா பா பா"ன்னு கூப்பிட்டா. அவ வாத்தெல்லாம் குவாக் குவாக்னுச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் அவனோடதும் பின்னாலேயே ஏறிச்சு. கடைசி வாத்தைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு சடையன் ஏறவும், பள்ளம் பூரா தண்ணி நிறையவும் சரியா இருந்துது.

காலையில பாத்தா ஒரு முட்டை கூட இல்ல.

"செங்கலாவது போட்டுச்சா அண்ணி?"ன்னு சடையன் மெதுவாக் கேட்டான்.

வேம்பு சிரிச்சா. மடியிலேருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்துக் கீழே வச்சா. சடையனும் தன் மடியைத் துழாவி, ஒண்ணை எடுத்துப் பக்கத்துல வச்சான்.

"..."

ம் காணோமே? தண்ணி பள்ளத்துல, வாத்து மேட்டுல, கதை தீந்துது என் வாயில. நீ தூங்குடா தங்கம்.