கூரைக்கு ஒரு மனு

ஒரு காட்டில், பிள்ளைகளே, ஏரிக்கரையை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஆனால் அது அந்தக் காட்டாருடையதாக இல்லை. மலைக்கு அப்பால் இருந்த சிங்கராஜாவின் அரண்மனைதான் அதை நடத்தி வந்தது.

ஒரு காலத்தில் அது அவர்களுடையதாகத்தான் இருந்தது. யார் வீட்டுக் குட்டி முன்வரிசையில் உட்காருவது என்று பெரியவர்கள் சண்டை போட்டார்கள். ஒரு மாதம் பாடமே நடக்கவில்லை. ராஜா பள்ளியை எடுத்துக்கொண்டார். இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. அந்தக் காட்டார் இதை வாய் தவறிக்கூடச் சொல்வதில்லை.

அரண்மனைப் பள்ளியில் எதற்கும் மனு எழுத வேண்டும். பலகை உடைந்தால் மனு, பாய் கிழிந்தால் மனு. பனையோலையில் எழுதிக் காக்கையிடம் கொடுத்தால் அது மலை தாண்டிக் கொண்டுபோகும். பதில் வருவதற்குள் அடுத்த பாயும் கிழிந்துவிடும்.

கரடிக்குப் பொறுக்கவில்லை. காட்டிலேயே பெரிய குரல் அதற்குத்தான்.

"நம் குட்டிகள் படிக்கும் பள்ளியை யாரோ மலைக்கு அப்பால் உட்கார்ந்து நடத்துவதா? எங்கள் பள்ளி எங்களுக்கே!" என்று அது முழங்கியது.

"எங்களுக்கே! எங்களுக்கே!" என்று காடே பின்பாட்டுப் பாடியது. மூன்று வருஷம் விடாமல் கத்தினார்கள். கடைசியில் சிங்கராஜாவே மலையிறங்கி வந்தார்.

"சரி, பள்ளி இனி உங்களுடையது. இந்த மழைக்காலம் முடியும்வரை பார்ப்பேன். குட்டிகள் வராமல் காலியாகக் கிடந்தால் பூட்டிவிடுவேன். பிறகு உங்கள் பிள்ளைகள் மலையேறி வந்துதான் படிக்க வேண்டும்" என்றார்.

"அப்படி ஒரு நாள் வரவே வராது, ராஜா!" என்றது கரடி.

உடனே பள்ளிக்கு ஒரு குழு போட்டார்கள். கரடி தலைவர். அரண்மனை நடையில் எழுதத் தெரிந்த கிளி செயலாளர். யானையும் தூக்கணாங்குருவியும் உறுப்பினர்கள். நால்வருக்கும் மாலை போட்டார்கள். யானையின் கழுத்து எட்டவில்லை, காதில் மாட்டிவிட்டார்கள்.

ஐப்பசி பிறந்தது. அடைமழை பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாளே பள்ளிக் கூரையில் தேங்காய் அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்தது. ஓட்டைக்கு நேர் கீழே தூக்கணாங்குருவியின் குஞ்சு உட்கார்ந்திருந்தது. பாவம், அது அப்போதுதான் சிலேட்டில் 'அ' எழுதி முடித்திருந்தது. தண்ணீர் பட்டு எழுத்து கரைந்து ஓடியது.

ஆமை ஆசிரியர் மெல்ல நடந்து குழுவிடம் வந்தார்.

"கூரை ஒழுகுகிறது. குட்டிகள் நனைகின்றன. ஏதாவது செய்யுங்கள்."

கரடி தொண்டையைக் கனைத்துக்கொண்டது. "செய்யத்தான் வேண்டும். ஆனால் எதையும் முறைப்படி செய்ய வேண்டும். கிளியாரே, முறை என்ன?"

"கூரை ஒழுகினால் மனு எழுத வேண்டும். அதுதானே வழக்கம்?" என்றது கிளி.

"ஆமாம், அதுதானே வழக்கம்!" என்றார்கள் எல்லாரும்.

ஏரியில் கோரைப்புல் யானையின் வயிற்றுயரத்துக்கு நின்றது. அன்று காலை அந்தக் கோரைக்கு நடுவே குளித்துவிட்டுத்தான் யானை கூட்டத்துக்கு வந்திருந்தது. தூக்கணாங்குருவியோ, புயலுக்கும் ஒழுகாத கூடு பின்னுகிற பறவை. ஆனாலும் பாருங்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. கிளி அழகாக எழுதியது. யானை காலால் முத்திரை வைத்தது. தூக்கணாங்குருவி நகத்தால் கையெழுத்துக் கீறியது.

பக்கத்தில் நின்ற குஞ்சு கேட்டது: "அப்பா, போன வாரம் நம் கூடு பிரிந்தபோது யாருக்கு மனு எழுதினீர்கள்?"

"பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே" என்றது தூக்கணாங்குருவி.

காக்கை ஓலையைக் கவ்விக்கொண்டு பறந்தது.

மழை விடவில்லை. நாற்பது பேர் படித்த பள்ளிக்கு மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள். பிறகு ஐந்து பேர். ஒன்பதாம் நாள் தூக்கணாங்குருவியின் குஞ்சு மட்டும் வந்தது. காய்ந்த இடம் தேடி மூலைக்கு மூலை நகர்ந்து, தும்மிக்கொண்டே அது எழுதியது. "பள்ளி இப்படியே காலியாகக் கிடந்தால் ராஜா பூட்டிவிடுவார்" என்று ஆமை ஆசிரியர் புலம்பினார். "பதில் வரட்டும், வந்துவிடும்" என்றது கரடி.

பத்தாம் நாள் காக்கை வந்தது.

"அரண்மனையிலிருந்து பதில்! எல்லாரும் வாருங்கள்!" என்று கரடி ஊரைக் கூட்டியது. வீட்டில் கிடந்த குட்டிகள்கூட நனைந்தபடி ஓடி வந்தன. கரடி ஓலையைத் தூக்கிப் பிடித்து, தன் பெரிய குரலில் படித்தது:

"கூரை ஒழுகுதல் தொடர்பான இம்மனு, தக்க நடவடிக்கைக்காக, மேற்படி பள்ளிக்கு..."

அங்கே அதன் குரல் இறங்கிவிட்டது.

"பள்ளிக்கு? சத்தமாகப் படியுங்கள், கரடியாரே" என்றது யானை.

"...பள்ளிக்கு உரியவர்களுக்கே அனுப்பப்படுகிறது."

அது அவர்கள் எழுதிய அதே ஓலை. கிளியின் எழுத்து, யானையின் முத்திரை, குருவியின் நகக்கீறல், எல்லாம் அப்படியே இருந்தன. அடியில் அந்த ஒரு வரி மட்டும் புதிது.

"ராஜாவுக்கு ரொம்பக் கோபமா?" என்று மெதுவாகக் கேட்டது கரடி.

"கோபமே இல்லை. சிரித்தார். அரண்மனையில் எல்லாரும் சிரித்தார்கள்" என்றது காக்கை.

கோபப்பட்டிருந்தால் தேவலை. கரடி குனிந்த தலை நிமிரவில்லை. யானை ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. குட்டிகள் பெரியவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்தன. அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. குஞ்சு ஒருமுறை தும்மியது.

தூக்கணாங்குருவி கூரைக்குப் பறந்தது. யானை ஓடிப்போய்க் கோரையை வாரி வந்தது. கரடி மேலேறி மூங்கிலைப் பிடித்துக்கொண்டது. கிளி இழை கிழித்துக் கொடுத்தது. அன்று யாரும் முழக்கம் போடவில்லை. உச்சி வேளைக்குள் வேலை முடிந்துவிட்டது. பத்து நாள் காத்திருந்தது இந்த அரை நாள் வேலைக்குத்தான்.

கடைசியில் உள்ளங்கை அளவு இடம் மிச்சமிருந்தது. தூக்கணாங்குருவி கீழே கிடந்த மனுவை எடுத்தது.

"நல்ல ஓலை, வீணாக வேண்டாம்" என்று சொல்லி, எழுத்து கீழே தெரியும்படி அதை அந்த இடத்தில் வைத்துப் பின்னிவிட்டது.

மறுநாள் நாற்பது பேரும் வந்தார்கள். மழைக்காலம் முடிந்தது, ராஜா பள்ளியைப் பூட்டவில்லை. ஆனால் அந்தப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற ஒவ்வொரு குட்டியும் முதலில் அண்ணாந்து அந்த ஓலையைத்தான் உரக்கப் படித்தது. அப்போதெல்லாம் கரடி, ஏதோ வேலை இருப்பதுபோல், எழுந்து வெளியே போய்விடும்.

நீதி: நம்முடையது என்று கேட்டு வாங்கியதன் வேலையும் நம்முடையதே.