மிச்சம் பிடித்த தவளை

கருவேலங்காட்டுக் குளத்தில் மொட்டையன் என்ற தவளையும் அவன் மனைவி பூவாயியும் வாழ்ந்தார்கள். பூவாயிக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. கண்ணை மூடுவதற்குள் ஒரு தடவை அருவியைப் பார்த்துவிட வேண்டும். குளத்துத் தண்ணீர் அவள் பிறந்த நாளிலிருந்து ஒரே இடத்தில்தான் கிடக்கிறது. தண்ணீர் மேலேயிருந்து விழும் என்று யாரோ சொன்னதிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்தக் குளத்து நண்டு ஆள் சேர்த்து அருவிக்கு அழைத்துப் போவது வழக்கம். எருமை முதுகில் சவாரி. ஆளுக்கு முந்நூறு கொசு கட்டணம்.

“முந்நூறு கொசுவா!” என்று துள்ளினான் மொட்டையன். “எருமை சும்மாவே அந்தப் பக்கம் மேயப் போவுது. இவனுக்கு எதுக்குக் கொசு? நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன் புள்ள!”

மொட்டையன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பத்து நாள் குளக்கரையைச் சுற்றிச் சுற்றித் தாவிக் கணக்குப் போட்டான். தோல் காய்ந்தால் தவளைக்கு உயிர் போய்விடும். ஒரு தடவை நன்றாக நனைந்தால் முந்நூறு தாவல் தாங்கும். அதுதான் அவனுடைய கைமுதல். எருமையை விசாரித்ததில், அருவியோ ஐந்நூறு தாவல் தொலைவு. சரியாகப் பாதி வழியில் மாட்டுக் குளம்பு பதிந்த குழி ஒன்று இருந்தது. அதில் தேங்கிய தண்ணீரில் இருவரும் இரண்டே தடவை நனையலாம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. அருவிக்குப் போய்விட்டால் தண்ணீருக்கா பஞ்சம்?

மழை நின்று எட்டு நாள் ஆகியிருந்தது. இன்னும் நாலைந்து நாள்தான் அருவி விழும். அதை விட்டால் அடுத்த மழைக்குத்தான். இருவரும் விடிந்ததும் கிளம்பினார்கள்.

கணக்கு பிசகவில்லை. குழி சொன்ன இடத்தில் இருந்தது. நனைந்துகொண்டு மேலே போனார்கள். அதிர்ஷ்டம், வானத்தை மேகம் மூடிக்கொண்டது. நூறு தாவல் தாண்டியதும் மொட்டையன் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான்.

“பூவாயி! நூறு தாவல் வந்துட்டோம். ஆனா ஐம்பது தாவலுக்கான ஈரம்தான் செலவாயிருக்கு. பாதிக்குப் பாதி மிச்சம்!”

பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த ஓணான் காதில் இது விழுந்தது. “வந்ததே வந்தீங்க, யானைப் பாறையைப் பாக்காமப் போனா எப்படி? இந்தப் பக்கம் வந்தவங்க யாரும் அதைப் பாக்காமப் போனதில்ல!”

“ரொம்ப தூரமா?” என்று கேட்டாள் பூவாயி.

“இந்தா, கூப்பிடு தூரம்!” என்று ஓணான் தலையை ஆட்டியது. ஓணான் எதற்கும் தலையை ஆட்டும். அது பூவாயிக்குத் தெரியும்.

“ஏங்க, நாம அருவிக்குத்தானே கிளம்பினோம்?”

“அருவி எங்க ஓடிடப் போவுது? மிச்சம் பிடிச்சது சும்மாதானே கெடக்கு! அதுல இன்னொண்ணைப் பாத்தா நமக்கு லாபம். நண்டுகூடப் போயிருந்தா இதெல்லாம் கிடைக்குமா?” என்றான் மொட்டையன்.

கூப்பிடு தூரம் அறுபது தாவலாக நீண்டது. போய்ப் பார்த்தால் அங்கே ஒரு பாறை இருந்தது. கழுத்தை இடது பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் யானை மாதிரி தெரியுமாம். தவளைக்கு ஏது கழுத்து?

“தும்பிக்கை தெரியுதா?”

“தெரியுதுங்க” என்றாள் பூவாயி. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆசையாகக் கேட்கிறாரே என்று சொல்லி வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து மேகம் கலைந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. வந்த வழியெல்லாம் பாறைத் தரை; அது தோசைக்கல்லாய்ச் சுட்டது. வந்த அறுபது தாவலையும் அதன்மேல் திரும்பத் தாவுவதற்குள் இருவருக்கும் முதுகு இழுத்துக்கொண்டது. பழைய பாதைக்கு வந்தபோது எஞ்சியிருந்த ஈரம் நூறு தாவலுக்குமேல் தேறாது.

காற்று இந்தப் பக்கம் திரும்பியது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“கேக்குதா! ஒரே மூச்சாப் போயிடலாம் வா!” என்றான் மொட்டையன்.

“அருவிக்கு இன்னும் நூத்தம்பது தாவல். நமக்கு இருக்கிறது நூறு. மீதி அம்பதை யாருங்க தாவுறது?”

“அப்போ குழிக்குத் திரும்பி நனைஞ்சுட்டு நாளைக்கு வருவோம்!”

“குழியில இருக்கிறது இன்னும் ஒரு நனைவுதான். அதை எடுத்துக்கிட்டு அருவிக்கு வந்துட்டா, வீட்டுக்குப் போறப்போ குழி காஞ்சு கெடக்கும். அருவியில நனைஞ்சது முந்நூறு தாவல்தான் வரும். வீடு ஐந்நூறு தாவல்!”

மொட்டையன் போட்ட கணக்கைத்தான் அவள் சொன்னாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

பூவாயி சத்தம் வந்த பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“சத்தம் நல்லாத்தான் இருக்கு. போலாம் வாங்க. இங்க உக்காந்தா இருக்கிறதும் காஞ்சுடும்” என்று சொல்லிவிட்டு, குழியைப் பார்த்துத் தாவினாள். மொட்டையன் பின்னாலேயே போனான்.

இருவரும் உயிரோடு குளம் வந்து சேர்ந்தார்கள். நண்டுக்கு அறுநூறு கொசு சேர்ப்பதற்குள், அந்த வாரமே அருவி வற்றிவிட்டது. அடுத்த மழை வருவதற்குள் பூவாயிக்குக் காலம் முடிந்துவிட்டது. மொட்டையன் அதற்குப் பிறகும் நெடுநாள் இருந்தான்.

போகிற வழியில் மிச்சமாவது எதுவும், போன காரியம் முடிந்து வீடு வந்து சேரும்வரை மிச்சம் ஆகாது.