குடத்துக்குள் பேசிய பொம்மை

கணினி மனுசர் மாதிரி பேசுகிறதாம், ஊரெல்லாம் ஒரே அதிசயம்! அடப் போங்கள், வெள்ளாற்றூரில் இந்தக் கூத்து எப்போதோ நடந்து முடிந்துவிட்டது.

அந்த ஊர் ராஜா செண்பகமாறனுக்குத் தச்சர்கள் ஒரு பேசும் பொம்மை செய்து கொடுத்தார்கள். பித்தளைத் தலை, தேக்கு உடம்பு, வயிற்றுக்குள் ஆயிரம் சக்கரம். காதில் விழுகிற பேச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதே தினுசில் பதில் சொல்லும். நல்ல பேச்சாகப் படிக்கட்டும் என்று ராஜா அதை ஆறு மாசம் அரசவையிலேயே உட்கார்த்தி வைத்தார்.

பிறகு ஒருநாள் கேட்டார். "பொம்மையே, இன்றைக்கு மழை வருமா?"

"வரும் பிரபு!"

"வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட இல்லையே?"

"இல்லவே இல்லை பிரபு! மழை எப்படி வரும்?"

ராஜாவுக்கு எரிச்சல். "இதென்ன மனுசப் பேச்சா?"

தலைமை அமைச்சர் அனந்தசயனம் எழுந்தார். அரசவையில் வேடிக்கை பேசும் சாத்தையனைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பிரபு, பேச்சில் சாத்தையனை மிஞ்ச ஆளுண்டா? பொம்மையை அவனே பழுது பார்க்கட்டும். பத்து நாளில் முடியாவிட்டால் நாட்டை விட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

சாத்தையனோ ஆணிக்கும் அச்சுக்கும் வித்தியாசம் தெரியாதவன். ஒன்பது நாள் பொம்மைக்கு எதிரே உட்கார்ந்து பேசிப் பார்த்தான். கடைசியில் வெறுத்துப்போய், "நான் பிரபு இல்லை, ஒரு கழுதை!" என்றான்.

"ஆகா, என்ன கம்பீரமான கழுதை பிரபு!" என்றது பொம்மை.

இந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தான். யோசித்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

பத்தாம் நாள் சபையில் இரண்டு திரை கட்டினான். "பிரபு, ஒன்றின் பின்னால் பொம்மை, இன்னொன்றின் பின்னால் நம் அமைச்சர். குரல் தெரியாதிருக்க இருவருக்கும் வாயில் ஒரு குடம். எது பொம்மை என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டால் நான் மூட்டை கட்டுகிறேன்."

ராஜா தொண்டையைக் கனைத்தார். "நேற்று வேட்டையில் நான் விட்ட அம்பு எங்கே போனது?"

"புலியின் நெற்றியில் பிரபு!" என்றது இடது திரை.

"காட்டில் புலியே இல்லையே?"

"தங்கள் பெயரைக் கேட்டே ஓடியிருக்கும் பிரபு!"

ராஜா வலது பக்கம் திரும்பினார். "நீ சொல், அம்பு எங்கே?"

"புலியின் நெஞ்சில் பிரபு!"

"புலியே இல்லை என்கிறேனே!"

"இல்லாத புலியையும் வீழ்த்தினீர்களே பிரபு!"

ராஜா நெடுநேரம் தாடையைத் தடவினார். "இடது பக்கம் கொஞ்சம் யோசித்துப் பேசுகிறது. அதுதான் அமைச்சர்."

திரையை விலக்கினார்கள். இடது பக்கம் பித்தளைத் தலை பளபளத்தது. வலது பக்கம் குடத்துக்குள் முகத்தை நுழைத்தபடி அனந்தசயனம்!

சாத்தையன் கும்பிட்டான். "பொம்மை, இங்கே கேட்டதைத்தான் படித்திருக்கிறது பிரபு. ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். இரண்டில் எதை முதலில் பழுது பார்க்கட்டும்?"

ராஜா சாத்தையன் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லடா. அம்பு எங்கே போனது?" என்றார்.

"சமையல்காரி வள்ளியம்மையின் சோற்றுப் பானைக்குள் பிரபு. நேற்று நாங்கள் எல்லாரும் பட்டினி."

கிரீடம் சரிகிற அளவுக்கு ராஜா சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையனுக்குப் போட்டார். வள்ளியம்மையின் வாய்க்கு ஊரே நடுங்கும். பொம்மையையும் அமைச்சரையும் அவளிடமே பாடம் படிக்க அனுப்பிவிட்டார்.

பொம்மை பத்தே நாளில் மனுசப் பேச்சு பேசத் தொடங்கிவிட்டது. அமைச்சருக்குத்தான் இன்னும் பாடம் முடியவில்லை.